நாற்பதைக் கடந்தபின் கோல்ஃப் கற்கத் தொடங்குவோருக்கு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் சோதனைச் சாவடியைக் கடந்து நாள்தோறும் கோவைப் பக்கம் வேலைக்குப் போய்வருகிற நான், கோல்ஃப் மட்டையை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது எனக்கு வயது 46. ஊரில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். பணக்காரர்களின் விளையாட்டில் உனக்கு என்ன வேலை என்பது ஒன்று. இந்த வயதில் இதெல்லாம் வருமா என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு, அதற்குக் கீழே வருகிறேன். இரண்டாவதற்கு நியாயமே இல்லை. ஓடவோ குதிக்கவோ தேவையில்லாமல், நின்ற இடத்தில் நின்று, அசையாமல் கிடக்கும் பந்தை அடிக்கும் விளையாட்டு இது. பெரியவர்களுக்கு இடைஞ்சலாக இருப்பது வயதைவிட அவசரம்தான். முதல் நாளே பெரிய மட்டையை வீசிப் பந்தை வானத்துக்கு அனுப்பப் பார்க்கிறோம். குழியருகே தொடங்கிப் பின்னோக்கி நகர்ந்து கற்றவர்கள்தான் நிலைக்கிறார்கள் என்பது நான் கண்டது. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே போகிறது.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். கோல்ஃபில் ஆடும் கோலுக்கும் கிளப் என்றே பெயர், ஆடுகிற சங்கத்துக்கும் கிளப் என்றே பெயர். குழப்பம் வராமலிருக்க, கோலை மட்டை என்றும் சங்கத்தை மட்டும் கிளப் என்றும் எழுதுகிறேன்.

பாலக்காட்டு எல்லைப் பகுதியில் இருப்பவர்களுக்கு அருகில் உள்ளது கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் இருக்கும் 18 குழி மைதானம். களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம் கவடியாரில் மன்னராட்சிக் காலத்திலேயே அமைந்த 9 குழி மைதானம் உண்டு. தேவிகுளம், மூணாறு மலையில் தோட்டத் துரைமார்கள் விட்டுச்சென்ற மைதானமும், நெடும்பாசேரி விமான நிலையத்தையொட்டி ஒரு மைதானமும் இருக்கின்றன. எங்கே போவதானாலும் வாசலில் போய் நிற்பதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது: உறுப்பினர் அல்லாதவர்களுக்குப் பயிற்சி உண்டா, பந்து அடித்துப் பழகும் டிரைவிங் ரேஞ்ச் எந்த நாட்களில் திறந்திருக்கும், மட்டையை அங்கேயே வாடகைக்குத் தருவார்களா, உடை விதி என்ன. பெரும்பாலான இடங்களில் காலர் வைத்த சட்டையும் ஜீன்ஸ் அல்லாத பேன்ட்டும் கேட்பார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி வெள்ளை வேட்டியில் போனால் மரியாதையாகவே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பதற்கு நேரம் செலவிடுங்கள். நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியாவின் சான்று பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை; ஆனால் சான்றைவிட, அவர் வேறொருவருக்குக் கற்றுக்கொடுப்பதைக் கால்மணி நேரம் ஓரமாக நின்று பார்ப்பது அதிகம் சொல்லும். ஒரு வகுப்பில் ஒரே ஒரு திருத்தம் சொல்லி, அது கைக்கு வரும்வரை பொறுத்திருப்பவர் நல்ல ஆசிரியர். தோளைத் திருப்பு, தலையைக் குனி, முழங்கையை ஒட்டு என்று ஒரே மூச்சில் ஐந்து சொல்பவரிடமும், தன் அடியைக் காட்டிக் கைதட்டு வாங்குபவரிடமும் பணத்தைக் கொடுக்காதீர்கள். எனக்குக் கிடைத்தவர் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஒரு மூத்தவர். முதல் ஒரு மாதம் அவர் என்னிடம் சொன்னதெல்லாம் ஏறத்தாழ ஒரே வாக்கியம்தான்: "பலம் வேண்டா சாரே, மெல்லெ மதி" (பலம் வேண்டாம், மெதுவாக அடித்தால் போதும்). வாரம் ஒரு வகுப்பு வீதம் ஆறு முதல் எட்டு வகுப்புகள் என்று பேசிக்கொள்ளுங்கள்; இடையில் இரண்டு நாட்களாவது தனியே பழக முடியாத வாரத்தில் வகுப்பைத் தள்ளிப்போடுவதே மேல். பழகாமல் போனால் சென்ற வாரப் பாடத்தையே மீண்டும் காசு கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும்.

இனி பணம். நான் செய்த மடத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே, ஒரு கடையில் முழு செட்டையும் பையோடு வாங்கிவிட்டேன். என் உயரத்தை யாரும் அளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மட்டைகள் எனக்கு நீளமாக இருந்தன. நிமிர்ந்தே நின்று பழகி, அந்தப் பழக்கத்தை விடுவதற்கே இரண்டு வகுப்புகள் போயின. அந்தப் பையில் பாதி இன்றும் பரணில்தான் இருக்கிறது. விதிப்படி ஒருவர் அதிகபட்சம் 14 மட்டைகள் வரை எடுத்துச் செல்லலாம். குறைந்தபட்சம் இத்தனை வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. முதல் நான்கு வகுப்புகளுக்குப் பயிற்சியாளரின் மட்டையே போதும். பிறகு பழைய மட்டைகளாகப் பார்த்து ஒரு 7 அயர்ன், ஒரு 9 அயர்ன் (அயர்ன் என்பது உலோகத் தலை கொண்ட மட்டை; எண் கூடக் கூட அதன் முகத்தின் சாய்வும் கூடும்), மணற்குழியிலிருந்து எடுப்பதற்கு ஒரு சாண்ட் வெட்ஜ், உருட்டுவதற்கு ஒரு பட்டர் என்று நான்கை வாங்கினால் முதல் ஆறு மாதம் ஓடிவிடும். (பாலக்காட்டில் தமிழ்ப் பிராமணர்களைப் பட்டர் என்பார்கள். அங்கே பட்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் கல்பாத்தி அக்ரகாரத்துக்கு வழிகாட்டுவார்கள், கோல்ஃப் பட்டர் என்று தெளிவாகக் கேளுங்கள்.) புதிதாக வாங்க வேண்டியது இடது கைக்கான கையுறை ஒன்று மட்டுமே. அது தோலோடு ஒட்டி, சற்று இறுக்கமாகவே இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்குச் சொல்கிறேன். இடக்கையர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளவும்.

முதல் பாடம் உருட்டுவது. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். 18 குழி மைதானத்தில் வழக்கமான பார் கணக்கு, அதாவது தேர்ந்தவர் ஒருவர் எல்லாக் குழிகளையும் முடிக்க எடுக்க வேண்டிய அடிகள், 72. அதில் ஒரு குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் கிரீன் மேல், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை மேல், உருட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஆட்டத்தில் சரிபாதி இங்கே இருக்கும்போது, அதற்கு மட்டும் பயிற்சி தராமல் விடுவது எப்படிச் சரியாகும்? இதைக் கற்க மைதானமும் தேவையில்லை. காவிபூசிய தரையும் டைல்ஸும் பந்தை வழுக்கிக்கொண்டு ஓடவிடும் என்பதால், ஒரு பவானி ஜமுக்காளத்தைச் சுருக்கமில்லாமல் விரித்துக்கொள்ளுங்கள். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஓர் அகன்ற டவராவின் வாய் அளவு. டவராவை முனையில் சாய்த்து வைத்து, மூன்றடி, ஆறடி, ஒன்பதடி தூரத்திலிருந்து பத்துப் பத்துப் பந்துகளாக உருட்டுங்கள். கண் பந்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். மணிக்கட்டு அசையக் கூடாது. தோள்கள் இரண்டும் சேர்ந்து தொட்டில் ஆடுவதுபோல் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். திசை ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். தூரம்தான் நாளாகும். அதற்கு ஒரு வழி: உருட்டியதும் பந்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு, அது குறைந்ததா கூடியதா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகு பாருங்கள். சொன்னதும் கண்டதும் ஒத்துப்போகத் தொடங்கும் நாளில் கைக்குத் தூரம் பிடிபட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

அடுத்தது சிப் என்கிற சிறு அடி. கிரீனுக்கு வெளியிலிருந்து பந்தைச் சற்றே தூக்கிப் போட்டு மீதியை உருளவிடுவது. 9 அயர்னை எடுத்துக்கொண்டு, பந்தை வலது காலுக்கு அருகில் வைத்து, உடல் எடையில் பெரும்பகுதியை இடது காலில் நிறுத்தி, உருட்டும்போது செய்த அதே தோளசைவையே சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். வீட்டை ஒட்டி ஒரு தோப்போ களமோ இருந்தால் பத்தடி தள்ளி ஒரு துண்டை விரித்து, அதன் மேல் பந்து விழுமாறு பழகுங்கள். குழியைக் குறிபார்ப்பதைவிடப் பந்து விழும் இடத்தைக் குறிபார்ப்பதே இந்த அடியின் சூட்சுமம்.

இந்த இரண்டும் ஓரளவு வந்தபின்தான் டிரைவிங் ரேஞ்சில் 7 அயர்னைத் தொட வேண்டும். பிடி முக்கியம். மட்டையை இடது உள்ளங்கையில் வைத்துக்கொள்ளாமல், விரல்களின் அடிப்பகுதியில் வைத்து மூட வேண்டும். பிடி சரியா என்பதைக் கையுறையே காட்டிக்கொடுக்கும்: சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கையின் அடிமேட்டில் தேய்ந்து ஓட்டை விழுந்தால், மட்டை உள்ளங்கையில் கிடந்து வழுக்குகிறது என்று பொருள். என் முதல் கையுறை மூன்றே வாரத்தில் அந்த இடத்தில் கிழிந்தது. இறுக்கம் எவ்வளவு என்று கேட்டால், கூடவே நடந்து வரும் கன்றின் கயிற்றைப் பிடிக்கிற அளவு. கை நழுவவும் கூடாது, கழுத்தை இழுக்கவும் கூடாது.

அயர்னில் எல்லாத் தொடக்கக்காரர்களும் செய்யும் பிழை ஒன்றே: பந்தைத் தரையிலிருந்து அள்ளித் தூக்கப் பார்ப்பது. 7 அயர்னின் முகம் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகைக்கும் மேல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. பந்தை எழுப்பும் வேலையை அந்தச் சாய்வு பார்த்துக்கொள்ளும். மட்டை கீழ்நோக்கி வந்து முதலில் பந்தையும் பிறகு தரையையும் தொட வேண்டும். அள்ள முயன்றால் எடை வலது காலிலேயே தங்கிவிடும், மட்டையின் வில்வட்டம் பந்துக்கு முன்பே தரையை எட்டிவிடும். மண் பறக்கும், பந்து காலடியில் கிடக்கும். அல்லது மட்டை மேலெழும்போது பந்தின் தலையைச் சீவிவிட்டு, பந்து புல்லில் எலிபோல ஓடும். கிரிக்கெட் ஆடிய கைகளுக்கு இந்தப் பழக்கம் போவது இன்னும் கடினம், ஏனென்றால் அங்கே எழும்பி வருகிற பந்தைத்தான் அடித்துப் பழகியிருக்கிறோம்.

இதைத் திருத்த எனக்கு உதவியது கடலைக்காடு. எங்கள் பக்கத்தில் நிலக்கடலை பிடுங்கியபின் மண் பொலபொலவென்று கிடக்கும். உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, அந்த மண்ணில் சுண்ணாம்புத் தூளால் பத்தடி நீளக் கோடு ஒன்று போட்டேன். கோட்டைப் பந்தாக நினைத்துக்கொண்டு, பந்தே இல்லாமல், ஓரடி ஓரடியாக நகர்ந்தபடி பாதி வீச்சு மட்டும் வீசினேன். ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் மட்டை மண்ணைக் கிளறிய தடம் எங்கே தொடங்குகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். முதல் நாள் பத்தில் ஒன்பது தடங்கள் கோட்டுக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளித் தொடங்கியிருந்தன. இடது காலுக்கு எடையை மாற்றியபின் அடிப்பது என்று மட்டும் மனத்தில் வைத்துப் பழகியதில், இரண்டாவது வாரம் தடங்கள் கோட்டுக்கே வந்தன. மூன்றாவது வாரம் பாதிக்கு மேல் கோட்டுக்கு இடப்புறம், அதாவது பந்து போக வேண்டிய பக்கம் தொடங்கின. ரேஞ்சில் விரித்திருக்கும் பாய் இந்த உண்மையைச் சொல்லாது. தரையை முன்பே தொட்டாலும் மட்டை பாயின் மேல் சறுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும். அடி சரியாக விழுந்தது என்று ஏமாந்துபோவோம். பாயின்மேல் கூடை கூடையாக அடிப்பது முழங்கையின் உட்புறத்தையும் பதம் பார்த்துவிடும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு தடவைக்கு 40 பந்துகள் போதும், அதுவும் தோளையும் இடுப்பையும் ஐந்து நிமிடம் சுழற்றித் தளர்த்திய பிறகு.

பெரிய மட்டையான டிரைவரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதை ஆறாவது வகுப்புக்கு மேல் பயிற்சியாளரே எடுத்துத் தரட்டும்.

எங்கள் பகுதிக்கே உரிய பாடம் ஒன்று உண்டு, காற்று. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்றில் அம்மியே பறக்கும் என்றால், 46 கிராமுக்குள் அடங்கிய பந்து எம்மாத்திரம்? காற்று முதுகில் வீசும்போது பந்து போகும் தூரத்தைத் தன் திறமையில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். காற்றுக்கு எதிரே ஆடும்போது வலுவாக அடிப்பவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். பலமாக அடிக்க அடிக்கப் பந்தின் பின்சுழற்சி கூடி, அது மேலே எழும்பி நின்று காற்றிடம் சிக்கிக்கொள்கிறது. 7 அயர்ன் எடுக்க வேண்டிய இடத்தில் சாய்வு குறைந்த 5 அயர்னை எடுத்து, மெதுவாக வீச வேண்டும். கற்கத் தொடங்கும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் மார்கழி, தையில் காலை நேரத்தில் தொடங்குங்கள். ஐப்பசியில் பிற்பகல் இடி கேட்ட உடனே மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். திறந்த வெளியில் கையில் இரும்புக் கோலோடு நிற்பதில் எந்த வீரமும் இல்லை.

எட்டு வகுப்புகள் முடிந்ததும் மைதானத்தில் இறங்கலாம். கூட்டமில்லாத வார நாள் மாலையில், 9 குழிகள் மட்டும், பழகியவர் ஒருவரோடு போங்கள். அடிப்பவருக்கு முன்னால் நிற்காதீர்கள். உங்கள் பந்து யாரை நோக்கியாவது போனால் தயங்காமல் 'ஃபோர்' என்று கத்துங்கள். தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் விதி தருவது மூன்று நிமிடம்தான். ஒரு குழியில் பாரைப்போல இரண்டு மடங்கு அடித்தும் முடியவில்லை என்றால், பின்னால் காத்திருப்பவர்களை எண்ணிப் பந்தைக் கையில் எடுத்துவிடுங்கள். மணலில் பதிந்த காலடியை வாரியால் சமப்படுத்துங்கள். கூட வரும் கேடியைப் பை தூக்குபவர் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். பந்து எந்தப் பக்கம் சாயும் என்பது அந்தப் புல்லிலேயே வளர்ந்த அவருக்குத் தெரியும், அண்ணா என்று அழைத்துக் கேட்டால் சொல்வார்.

அன்றைக்கு மொத்த அடிகளை எண்ண வேண்டாம். அந்த எண் உங்களுக்கு எதையும் கற்றுத்தராது. ஒவ்வொரு கிரீனிலும் எத்தனை முறை உருட்டினீர்கள் என்பதை மட்டும் அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 9 குழிகளில் 27 வந்தது. வீட்டுக்கு வந்து ஜமுக்காளத்தை மறுபடி விரித்தேன்.