மேஃபிளவர் பெண்களின் பிறந்த வீட்டைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1620இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் வந்து, பின்னர் ஜான் ஹௌலண்டை மணந்த எலிசபெத் டில்லியை, பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் ஜான் கார்வரின் மகள் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 19ஆம் நூற்றாண்டில் சந்ததியார் நாட்டிய நினைவுக் கல்லிலும் அப்படியே பொறித்தார்கள். ஹௌலண்ட் கார்வரின் பணியாளராக வந்தவர் என்பதால் கதை பொருந்தியும் போயிற்று. பிளிமத்தின் பிந்தைய ஆளுநர் வில்லியம் பிராட்போர்ட் எழுதிய குடியேற்ற வரலாற்றின் காணாமற்போயிருந்த கையெழுத்துப் பிரதி இங்கிலாந்தில் கண்டெடுக்கப்பட்டு 1856இல் அச்சேறிய பிறகுதான், எலிசபெத் ஜான் டில்லியின் மகள் என்பது தெரிந்தது. இறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து எழுப்பிய கல் சந்ததியாரின் நம்பிக்கைக்குச் சான்றாகலாமே தவிர, பிறப்புக்குச் சான்றாகாது.

பெயர் ஒத்துப்போனதும் ஆளும் அவரே என்று முடிவுகட்டுவது இன்னும் பரவலான தவறு. நெதர்லாந்தின் லைடன் நகரில் 1612இல் வில்லியம் வைட் என்பவர் ஆன் ஃபுல்லரை மணந்ததாகப் பதிவு இருப்பதால், மேஃபிளவரில் வந்த வில்லியம் வைட்டின் மனைவி சுசன்னாவும் ஃபுல்லர் குடும்பத்தவரே என்று எத்தனையோ வம்சாவளிகள் எழுதின. வில்லியம் வைட் என்பது அன்று தெருவுக்கு ஒருவருக்கு இருந்திருக்கக்கூடிய பெயர் என்பதையும், ஆன் வேறு, சுசன்னா வேறு என்பதையும் பலர் பொருட்படுத்தவில்லை. சுசன்னா, இங்கிலாந்தின் ஸ்க்ரூபி ஊரைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜாக்சனின் மகள் என்று நிறுவும் ஆய்வு 2017இல்தான் வெளிவந்தது.

திருமணமான பெண் கணவர் இருக்கும்வரை தன் விருப்பப்படி உயில் எழுத அன்றைய ஆங்கிலச் சட்டம் பொதுவாக இடம் தரவில்லை. ஆகவே பெண்ணின் பெயரில் ஆவணமே இராது என்று கைவிடுவோர், கைம்பெண்கள் எழுதிய உயில்களைத் தவறவிடுகிறார்கள். கைம்பெண்ணான எலிசபெத் டில்லி 1686 டிசம்பரில் எழுதிய உயிலில் தமக்கு 79 வயது என்கிறார். இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரின் ஹென்லோ தேவாலயப் பதிவேட்டில் அவருக்கு ஞானஸ்நானம் நடந்த நாள் 1607 ஆகஸ்ட் 30. கடலுக்கு இருபுறமும் உள்ள இரு ஏடுகள் இவ்வாறு ஒன்றையொன்று உறுதிசெய்வதே நல்ல சான்று. மணமான மகள்களை அவர்களுடைய புகுந்த வீட்டுக் குடும்பப் பெயருடன் அதே உயில் குறிப்பிடுவதால், அடுத்த தலைமுறைப் பெண்களைத் தேடவும் அதுவே வழிகாட்டுகிறது.

தேதிகளிலும் கவனம் வேண்டும். 1752 வரை ஆங்கிலேயக் குடியேற்றங்களில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஜான் ஹௌலண்ட் இறந்த பிப்ரவரி 23ஐ 1672/3 (பழைய கணக்கில் 1672, இன்றைய கணக்கில் 1673) என்று குறிப்பது இதனால்தான். இதை அறியாமல் ஒற்றை ஆண்டாக மாற்றி எழுதுவோர், பெற்றோரின் திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகக் கணக்கிட்டு, இல்லாத முதல் மனைவி ஒருத்தியைப் படைத்துவிடுவதும் உண்டு.

பிற்காலத்துப் பெண்களுக்காக அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டுவோர், 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே பதிவானதையும், வீட்டிலிருந்த அடிமையல்லாத அனைவரின் பெயரும் 1850இல்தான் இடம்பெறத் தொடங்கியதையும் அறிந்துகொண்டு தேடினால் வீண் அலைச்சல் குறையும்.