ஆர்டர் குறைந்த மாதங்களை நான் சமாளித்த விதம்

தையல் தொழிலில் சில மாதங்கள் ஆர்டரே வராது. அப்போது நான் முதலில் காப்பாற்றியது என் வேலை நேரத்தை. "இப்போ சும்மாதானே இருக்கே" என்று வீட்டு வேலையெல்லாம் நம் தலையில்தான் விழும். வழக்கமான நேரத்துக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அந்த நேரம் தொழிலுக்குத்தான் என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

அப்புறம் பழைய பில் புத்தகத்தை எடுத்து, வரவேண்டிய பாக்கியை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பாதி கொடுத்தாலும் சரி என்றேன். நம் உழைப்புக்கான கூலியைக் கேட்க எதற்குக் கூச்சம்?

பழைய வாடிக்கையாளர்களிடம் புது ஆர்டர் கேட்கவில்லை. "போன தடவை தைத்தது சரியாக இருக்கிறதா, பிடிக்கவோ தளர்த்தவோ வேண்டுமா?" என்று மட்டும் விசாரித்தேன். ஆல்டரேஷனுக்கு வந்தவர்களில் சிலர் புதுத் துணியும் கொண்டுவந்தார்கள்.

கூலியைக் குறைக்கவே இல்லை. ஒருமுறை இறக்கினால் சீசனில் ஏற்றுவது கஷ்டம். அதற்குப் பதிலாக, நூலும் லைனிங்கும் வாங்கும் கடையில் பணம் கட்ட அவகாசம் கேட்டேன். பாக்கி ஏறுவதற்கு முன்பே பேசியதால் ஒத்துக்கொண்டார்கள். இப்போது சீசன் வருமானத்தில் ஒரு பங்கு தனிக் கணக்கில் போகிறது. கடை வாடகைக்குத் தவிர அதைத் தொடுவதில்லை.