எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பட்டைய இழுத்து டென்சைல் ஸ்ட்ரென்த் கண்டுபிடிக்கிறது எப்படி?

மெட்டீரியல் டெஸ்டிங் லேபுக்குள்ள புதுசா போறவங்களுக்காக இத எழுதுறேன். டென்சைல் ஸ்ட்ரென்த்னா, இழுக்குறப்ப ஒரு மெட்டீரியல் சதுர மி.மீ.க்கு அதிகபட்சம் எவ்வளவு விசை தாங்குதுங்கறது. 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷீட்டையே எடுத்துக்குவோம், ஈஸியா கிடைக்கும்.

1. சாம்பிள்: 3 மி.மீ. ஷீட்ல ரெண்டு முனையும் அகலமா, நடுவுல 12.5 மி.மீ.க்கு ஒடுங்குற மாதிரி வெட்டுங்க. ஷியரிங் மெஷின்ல வெட்டுன ஓரம் இறுகிப் போயிருக்கும், அதனால கடைசி சைஸ மில்லிங்லயோ வயர்கட்லயோ கொண்டு வந்து பிசிற சுத்தமா எடுத்துருங்க.

2. அளவு: மைக்ரோமீட்டர வச்சு நடுப்பகுதிய மூணு நாலு இடத்துல அளக்கணும். குறுக்குவெட்டுப் பரப்பு 12.5 × 3 = 37.5 சதுர மி.மீ. நடுவுல 50 மி.மீ. இடைவெளியில ரெண்டு கோடு போட்டுக்கோங்க.

3. இழுக்கிறது: யுடிஎம் (இழுத்துப் பாக்குற டெஸ்டிங் மெஷின்) கிரிப்புல நேரா மாட்டுங்க, கோணலா நின்னா ரிசல்ட் தப்பா வரும். எக்ஸ்டென்சோமீட்டர (பட்டை எவ்வளவு நீளுதுன்னு அளக்குற கருவி) மாட்டி மெதுவா லோடு ஏத்துங்க. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கம்பின்னா ஒரு இடத்துல லோடு சட்டுனு இறங்கி ஈல்டு ஆயிடுச்சுன்னு (அதாவது நிரந்தரமா நீள ஆரம்பிச்சுருச்சுன்னு) தானா காட்டிக் குடுத்துரும், ஆனா எஸ்.எஸ். அப்படி காட்டாது, லோடு-நீட்சி கிராஃப் நேரா போயி சத்தமில்லாம வளைஞ்சுட்டே இருக்கும். அதான் 0.2 சதவீத முறை: 50 மி.மீ.க்கு 0.1 மி.மீ. தள்ளி, கிராஃபோட நேர் பகுதிக்கு இணையா ஒரு கோடு போடுங்க, அது கிராஃப வெட்டுற இடத்து லோடுதான் ஈல்டு லோடு. ஈல்டு தாண்டுனதும் எக்ஸ்டென்சோமீட்டர கழட்டிருங்க, பட்டை அறுந்தா அதுக்கு அடி விழும்.

4. கணக்கு: உதாரணத்துக்கு ஈல்டு லோடு 10,500 நியூட்டன், அதிகபட்ச லோடு 22,500 நியூட்டன்னு வச்சுக்குவோம். 37.5ஆல வகுத்தா ஈல்டு 280, டென்சைல் 600 மெகாபாஸ்கல். ஏஎஸ்டிஎம் ஏ240ங்கற ஸ்டாண்டர்டு படி 304க்கு குறைஞ்சபட்சம் ஈல்டு 205, டென்சைல் 515 வேணும், ஸோ பாஸ். அறுந்த துண்டுகள சேத்து வச்சு கோடுகளுக்கு நடுவுல அளந்தா 76 மி.மீ. இருந்துச்சுன்னா நீட்சி 52 சதவீதம், இதுக்கு 40 இருந்தாலே போதும். அறுந்தது கிரிப்புக்குள்ளன்னா அந்த ரீடிங்க விட்டுட்டு வேற சாம்பிள் போடுங்க.

அறுந்ததும் அந்த இடத்த தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கும். அப்புறம் ஒரு காந்தத்த கிட்ட கொண்டு போங்க: அகல முனையில அவ்வளவா ஒட்டாத காந்தம் இழுபட்டு ஒடுங்குன இடத்துல லேசா ஒட்டும், ஏன்னா இழுக்குறப்ப 304ல கொஞ்சம் மார்டென்சைட்டா (காந்தம் ஒட்டுற, இன்னும் கடினமான ஒரு படிக அமைப்பா) மாறுது. இழுக்க இழுக்க இது இன்னும் ஸ்ட்ராங் ஆகறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த நம்பர வச்சு ஹூக்கோ பிராக்கெட்டோ டிசைன் பண்றதா இருந்தா 515ல ஆரம்பிக்காதீங்க, 205ல ஆரம்பிச்சு அதுக்கும் கீழ சேஃப்டி ஃபேக்டர் விடுங்க. அறுந்து விழறதுக்கு ரொம்ப முன்னாடியே அது நிரந்தரமா வளைஞ்சு போயிருக்கும்.