இசை அறைக்குக் குத்தகையாளரை அழைக்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் ஈசூனில் என் நான்கறை வீட்டின் படுக்கையறை ஒன்றைப் பாட்டுக் கேட்கும் அறையாக மாற்றியபோது, குத்தகையாளர் (புதுப்பிப்பு வேலையை எடுத்துச் செய்பவர்) தந்த விலைப்பட்டியலில் ஒரு வரி இருந்தது: ‘ஒலித்தடுப்பு வேலை, மொத்தமாக.’ எதிரே ஒரு தொகை. என்ன பொருள், என்ன தடிமன், எத்தனை சதுர அடி, ஒன்றும் இல்லை. ஐந்நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறைத்துவிட்ட மகிழ்ச்சியில் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேலை முடிந்த அன்று சுவரில் ஒட்டிய துணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் உடனே சுவரில் முட்டியது. உள்ளே இருந்தது ஓரங்குல ஸ்பஞ்சு.

அவர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். நான் கேட்டதே குழப்பமாக இருந்தது. ‘ஒலித்தடுப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகளைத் திணிக்கிறோம். சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் நிறுத்துவது ஒன்று. அதற்குக் கனமான, இடுக்கில்லாத தடுப்பு வேண்டும். கதவுக்கடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் சுவருக்குக் கொட்டிய பணம் அந்தச் சந்து வழியே போய்விடும். அறைக்குள் எதிரொலியை அடக்குவது மற்றொன்று. அதற்குப் பஞ்சுபோன்ற பொருள் போதும், ஆனால் தடிமன் வேண்டும். 3 மீட்டர் அகல அறையில் சுமார் 57 ஹெர்ட்ஸில், அதாவது மிகத் தாழ்ந்த சுருதியில், ஒலி தேங்கி நிற்கும். ஸ்பஞ்சால் அதைத் தொடக்கூட முடியாது. என் அறையில் வயலினின் மினுக்கு மங்கிப்போய், மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) மட்டும் மூலைக்கு மூலை உருண்டது.

‘100 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறை இழையால் ஆன பஞ்சு), சுவரிலிருந்து இவ்வளவு இடைவெளி, இத்தனை பலகை’ என்று பட்டியலில் எழுதி வாங்குங்கள். அப்போதுதான் மூன்று குத்தகையாளர்களின் விலையை ஒப்பிடுவதில் பொருள் உண்டு.

அடுத்தது, வேலையின் வரிசை. ஜிப்சம் பலகையை மூடிப் பெயின்ட் அடித்த மறுநாள்தான் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் பிளக் பாயின்ட் இல்லை என்பது எனக்கு உறைத்தது. வெட்டித் திறந்து, கம்பி இழுத்து, மூடி, மறுபடி பெயின்ட்: 480 வெள்ளி. எதை எங்கே வைப்போம் என்பதைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு பிறகு பேசியிருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது. கூடுதல் வேலை எதுவாக இருந்தாலும் விலையை எழுத்தில் பெறாமல் தலையாட்டாதீர்கள். வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும்.

கழக வீடென்றால், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடென்றால், விதிகளும் செலவுக் கணக்கில் சேரும். சுவர் இடிப்பதற்கு வீவக அனுமதி வேண்டும். குத்தகையாளர் வீவக பட்டியலில் இருப்பவராக இருக்க வேண்டும். இடிப்பது போன்ற பெருஞ்சத்த வேலைகள் வார நாள்களில், காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே. சனிக்கிழமை இடித்துவிடலாம் என்று போடும் திட்டம் நாள்களையும் கூலியையும் விழுங்கும். அவசரகாலப் பாதுகாப்புக்காக வீட்டுக்குள் கட்டப்பட்ட பதுங்கறையின் தடித்த சுவர்களைப் பார்த்து ஆசைப்படும் நண்பர்கள் எனக்கு உண்டு. அதன் சுவரை இடிக்கவோ கதவைக் கழற்றவோ கூடாது.

பணத்தில் இன்னொன்று. ‘ஜிஎஸ்டி நீங்கலாக’ என்ற சிற்றெழுத்தைத் தேடிப் படியுங்கள். 9 விழுக்காட்டில் 10,000 வெள்ளி 10,900 ஆகிவிடும். குப்பை அகற்றுவது பட்டியலில் உண்டா என்றும் கேளுங்கள். முன்பணத்தை அள்ளிக் கொடுக்காமல், வேலை நகர நகரக் கொடுங்கள்; கடைசித் தவணையை நீங்களே அறையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தபின் கொடுங்கள். தகராறு முற்றினால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்கும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. அங்கேயும் முதலில் கேட்பது எழுத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

கடைசியில் ஒலிப்பெட்டிகளை மூலையிலிருந்து அரை மீட்டர் முன்னே இழுத்துப் பார்த்தேன். உருண்ட தொப்பியில் பாதி அடங்கிவிட்டது. அதற்குக் காசு ஏதும் ஆகவில்லை. குத்தகையாளரை அழைப்பதற்கு முந்தைய வாரமே செய்திருக்கலாம்.