சிபில் ரிப்போர்ட்டில் வேறு ஆளின் கடன் ஏறியிருந்தால்

கடன் ஸ்கோர் எண்ணை மட்டும் பார்த்துக் கவலைப்பட்டுப் பயனில்லை, முழு ரிப்போர்ட்டையும் எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய, நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் 4 நிறுவனங்களும் ஆளுக்கு வருடம் ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். ஒன்றில் உள்ள தப்பு இன்னொன்றில் இல்லாமல் போகலாம்.

நம் பக்கம் சிக்கல் பெரும்பாலும் இனிஷியலில்தான். ஆதாரில் 'எம். செந்தில்குமார்', பான் அட்டையில் 'செந்தில்குமார் மாணிக்கம்', பழைய நகைக்கடன் ரசீதில் வெறும் 'செந்தில்'. குடியாத்தத்தில் இதே பெயரில் இன்னொருவர் வண்டிக்கடன் வாங்கி டியூ கட்டாமல் விட்டால், அது உங்கள் கணக்கில் வந்து உட்காரலாம். அதனால் பிறந்த தேதி, பான் எண், முகவரி மூன்றையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். 2019-இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்ததால் ஆம்பூர், வாலாஜா முகவரிகளில் பழைய மாவட்டப் பெயரே நிற்கும்; அதற்காகப் பதற வேண்டாம்.

தெரியாத பெயரெல்லாம் தப்பும் அல்ல. ஆப் மூலம் வாங்கிய கடன், ஆப்பின் பெயரில் வராது. பின்னால் பணம் கொடுத்த பைனான்ஸ் கம்பெனியின் பெயரில் வரும். அண்ணனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும், மகளிர் குழுக் கடனும் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கலாம். பேரம் பேசிக் குறைத்துக் கட்டிய கடனுக்கு 'செட்டில்டு' என்று போட்டிருந்தால் அது சரியான பதிவுதான், டிஸ்ப்யூட் (திருத்தக் கோரிக்கை) போட்டு எடுக்க முடியாது. முழுத் தொகையும் கட்டியிருந்தால் மட்டுமே 'குளோஸ்டு' கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் டியூ கட்டியதைக் காட்டும் மாதவாரிக் கட்டங்களில் 000 என்றால் தாமதமில்லை. 030 என்றால் 30 நாள் தாமதம். எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்றால் அந்த மாதம் தகவலே வரவில்லை, அதைத் தாமதம் என்று எண்ண வேண்டாம்.

தப்பு உறுதியானால், அந்த நிறுவனத்தின் தளத்திலேயே டிஸ்ப்யூட் போடுங்கள். சிபிலில் ரிப்போர்ட்டின் மேலே உள்ள கன்ட்ரோல் நம்பரைக் கேட்பார்கள். எந்தக் கணக்கு, எந்தக் கட்டம், சரியான விவரம் என்ன என்று ஒன்றொன்றாகக் குறிப்பிடுங்கள். 'எல்லாம் தப்பு' என்று எழுதினால் நகராது. கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக ஒரு எழுத்தையும் மாற்றாது. ஆகவே அதே நாளில் கடன் கொடுத்தவரின் கிளைக்கும் போங்கள். நோ டியூ சர்டிபிகேட் (பாக்கி இல்லை என்ற சான்று), கடைசி டியூ கட்டிய ரசீது, பான் நகல் ஆகியவற்றோடு மனு கொடுத்து, உங்கள் நகலில் தேதியுடன் சீல் வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

மனு கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அவர்கள் திருத்தத்தை முடிக்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இந்த விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த சீல் இருந்தால்தான் நாள் கணக்கை நிரூபிக்க முடியும். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. திருத்தம் ஆனதும் புது ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்த பிறகே அடுத்த கடனுக்கு விண்ணப்பியுங்கள்.