புதுப்படம் பார்த்துவிட்டு வாத்தியார் நண்பர்கள் பேசும்போது

கல்லூரியில் பாடம் எடுக்கும் நாலு பேர் சேர்ந்து புதுப்படத்துக்குப் போனால், அண்ணா சாலையில் டீக்கடையை எட்டுவதற்குள் படம் காணாமல் போய்விடும், கோட்பாடு மட்டும் மிஞ்சும். இதற்கு ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. முதல் டீ முடியும்வரை யாரும் தீர்ப்பு சொல்லக்கூடாது. ஆளுக்கு ஒரு காட்சி, பார்த்ததும் கேட்டதும் மட்டும். யாராவது "இது ஆணாதிக்கப் பார்வை" என்று ஆரம்பித்தால், "எந்த ஷாட்டில்? கேமரா எங்கே நின்றது?" என்று கேளுங்கள். பதில் வந்தால் தொடரலாம். வராவிட்டால் அடுத்த ஆள்.

அப்புறம், அவரவர் துறைக்கு ஒரு வேலை கொடுங்கள். மொழியியல்காரர் வசனத்தைக் கவனிக்கட்டும்: 'இன்னாபா' என்று தொடங்கும் வடசென்னைப் பாத்திரம் நடுவில் மதுரைக்குப் போய்விடுகிறதா? பொருளாதாரக்காரர், வேலையில்லாத நாயகன் அடையாறில் எப்படி வாடகை கட்டுகிறான் என்று பார்க்கட்டும். வரலாற்றுக்காரரிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. சென்னையில் 1953-இலேயே நின்றுபோன டிராம், அறுபதுகளின் கதையில் ஓடினால் அரை மணி நேரம் விடமாட்டார்.

தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் நிமிடத்தில் இருக்கும். அதையும் இடைவேளை விட்ட நேரத்தையும் குறித்துக்கொண்டால், "இரண்டாம் பாதி இழுவை" என்பது நிஜமா, பசியா என்று தெரிந்துவிடும்.

விமர்சனமாக எழுதுவதென்றால் ஒருவரே எழுதட்டும், மற்றவர்கள் திருத்தட்டும். பழைய படங்களோடு ஒப்பிட ஆசையிருந்தால், தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன.