எல்லா இழையும் ஸ்பைரோகைரா அல்ல: பச்சை இழைப்பாசிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சை இழைப்பாசி என்றதும் ஸ்பைரோகைராவை நினைத்துக்கொண்டு, அதன் குணங்களை யூலோத்ரிக்ஸ், ஊடோகோனியம், கிளாடோஃபோரா என எல்லாவற்றின் மேலும் ஏற்றிவிடுவதுதான் பெரும்பாலான பிழைகளுக்கு வேர். உண்மையில் இந்த நான்கில் விதிவிலக்கு ஸ்பைரோகைராதான். அதன் வாழ்க்கைச் சுழற்சியில் எந்தக் கட்டத்திலும் கசையிழை (நீந்த உதவும் வால் போன்ற இழை) கொண்ட செல் தோன்றுவதில்லை. இயங்குஸ்போர் (நீந்திச் சென்று தானே புது இழையாக முளைக்கும் செல்) கிடையாது; நீந்தும் கேமீட்டும் (பாலினச் செல்) கிடையாது. இழை துண்டாகிப் பெருகுவதே அதன் வழக்கமான வழி.

நுண்ணோக்கியில் பார்க்கப் பாசியைச் சேகரித்துக் கண்ணாடித்தகட்டில் வைப்பதில் நேரும் தவறுகளிலிருந்து தொடங்கலாம். குப்பி நிறையப் பாசியைத் திணிக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தளர்வாகப் போட்டு, அது வளர்ந்த குளத்து நீரையே ஊற்றி, மேலே காற்றுக்கு இடம் விடுங்கள். நெருக்கி அடைத்து இருட்டில் வைத்தால் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். செல்கள் செத்து, பசுங்கணிகம் (செல்லுக்குள் பச்சையம் உள்ள பகுதி) சுருங்கிக் குவிந்துவிடும். அதைப் பார்த்து வரைந்தால் வடிவமே தவறாகிவிடும்.

தகட்டில் ஒரு சொட்டு நீர், அதில் மூன்று நான்கு இழைகள் போதும். ஊசியால் பிரித்துவிட்டு, மூடுகண்ணாடியை ஒரு ஓரத்தில் தொடவைத்துச் சாய்வாக மெல்ல இறக்குங்கள். மேலிருந்து அப்படியே போட்டால் காற்றுக்குமிழ் சிக்கும். கனத்த கறுப்பு விளிம்போடு தெரிவதெல்லாம் குமிழ்தான். அதை ஸ்போர் என்று குறிப்பவர்கள் உண்டு.

ஸ்பைரோகைராவில் பசுங்கணிக நாடாக்களை எண்ணுவதில்தான் தடுமாற்றம் அதிகம். நாடா செல் சுவரை ஒட்டிச் சுருளாகச் சுற்றுவதால் முன்பக்கச் சுற்றும் பின்பக்கச் சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பெருக்கல் குறிபோல் தெரியும். ஒரே நாடாவை இரண்டு என்று எண்ணிவிடுவது இதனால்தான். நுண்ணோக்கியின் நுண்திருகைத் திருப்பி மேல்பரப்பை மட்டும் குவியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நாடாவைப் பிடித்து அது ஒரு முழுச் சுற்று வருவதற்குள் இடையில் எத்தனை நாடாக்கள் வருகின்றன என்று எண்ணி, அதோடு ஒன்றைக் கூட்டுங்கள்.

உயிருள்ள செல்லைப் பார்த்து முடித்த பிறகே அயோடின். முதலிலேயே விட்டால் செல் இறந்துவிடும். கரைசல் தயாரிக்கும்போது அயோடினை நேராக நீரில் போட்டால் சரியாகக் கரையாது. 2 கிராம் பொட்டாசியம் அயோடைடைச் சிறிதளவு நீரில் கரைத்து, அதில் 1 கிராம் அயோடினைக் கரைத்து, பிறகு 300 மில்லிலிட்டராக்குங்கள். மூடுகண்ணாடியின் ஒரு ஓரத்தில் சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் மைஒற்றுத்தாள் வைத்து இழுத்தால் போதும். பைரினாய்டுகளை (பசுங்கணிகத்தில் உள்ள சிறு உருண்டைகள்) சுற்றியுள்ள ஸ்டார்ச் கருநீலமாகும். உட்கரு மஞ்சள் கலந்த பழுப்பாகத் தெரியும். பைரினாய்டை ஸ்டார்ச் மணி என்றே எழுதுவது தவறு: அதன் மையம் புரதம், ஸ்டார்ச் அதன் உறை. உட்கருவைச் சுவரோரம் வரைவதும் தவறு. பெரிய வாக்குவோலின் (செல்சாறு நிறைந்த பை) நடுவே சைட்டோபிளாச இழைகளில் அது தொங்குகிறது. பாசியின் நிறம் செல் முழுக்கச் சீராகப் பரவி, பசுங்கணிகமும் உட்கருவும் தெரியாமல், ஸ்டார்ச்சுக்கான கருநீலமும் வராவிட்டால் நீங்கள் பார்ப்பது ஆசிலட்டோரியா போன்ற நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம்.

இனி இணைவு, அதாவது ஸ்பைரோகைராவின் பாலினப் பெருக்கம். ஏணி வடிவ இணைவில் இரண்டு இழைகள், பக்கவாட்டு இணைவில் ஒரே இழையின் அடுத்தடுத்த செல்கள். முதலாவதில் ஒரு இழை வெறுமையாகிறது, மற்றதில் வரிசையாகச் சைகோஸ்போர்கள் (இரண்டு கேமீட்கள் சேர்ந்து உண்டாகும் தடித்த சுவருள்ள செல்கள்). இரண்டு இழைகளிலும் சைகோஸ்போரை மாறிமாறி வரைவது வழக்கமான நிலைக்குப் பொருந்தாது. இணைப்புக் குழாய்க்குள் வரைவது இன்னும் மோசம். அது மௌஜியோஷியா என்ற வேறொரு பாசியின் அடையாளம். கேமீட்கள் தோற்றத்தில் ஒத்தவை, ஒன்று நகர்கிறது, மற்றொன்று காத்திருக்கிறது. ஆகவே வெறுமனே "ஒத்த கேமீட் இணைவு" என்று முடிக்காமல், உடற்செயலில் வேறுபட்டவை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சைகோஸ்போர் முளைத்து இருமடிய (இரு தொகுதி குரோமோசோம் கொண்ட) இழை தரும் என்பது அடுத்த பெரும்பிழை. இருமடியமாக இருப்பது அந்த ஒரு செல் மட்டுமே. முளைப்பதற்குள் குன்றல் பிரிவு (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் பிரிவு) நடந்து நான்கு உட்கருக்கள் உண்டாகின்றன; மூன்று அழிய, மிஞ்சிய ஒன்றிலிருந்து ஒருமடிய (ஒரே தொகுதி குரோமோசோம் கொண்ட) இழை வருகிறது. நான்கு இழைகள் என்று எழுதாதீர்கள்.

யூலோத்ரிக்ஸில் பசுங்கணிகம் அரைகுறை வளையம்போல் செல்லைச் சுற்றியிருக்கும்; அடிச்செல் பற்றுறுப்பு. கேமீட்டுக்கு இரண்டு கசையிழைகள், பெரிய இயங்குஸ்போருக்கு நான்கு. இந்த எண்களை மாற்றி எழுதுவது வாடிக்கை. இரண்டு கேமீட்கள் இணைந்த உடனே உண்டாகும் சைகோட்டுக்கும் நான்கு இருக்கும், அதைக் கண்டு இயங்குஸ்போர் என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஊடோகோனியத்தில் சில செல்களின் மேல்முனையில் அடுக்கடுக்காகத் தெரியும் கோடுகளைச் சிதைவு என நினைத்து விட்டுவிடுகிறார்கள். அவை தொப்பி வளையங்கள். ஒவ்வொன்றும் ஒரு செல் பிரிவின் சுவடு. ஊகோனியத்தின் (பெண் கேமீட் உருவாகும் செல்) மீதோ அருகிலோ ஒட்டியிருக்கும் சிறு செல்களை வேறொரு தொற்றுப்பாசி என்று ஒதுக்குவதற்கு முன் நிதானிக்கவும்: அவை குள்ள ஆண் இழைகளாக இருக்கக்கூடும். இயங்குஸ்போரில் கசையிழைகள் கிரீடம்போல் வட்டமாக அமையும். இரண்டு வரைந்தால் படம் பயனற்றது.

கிளாடோஃபோரா தொட்டால் சொரசொரப்பு, ஸ்பைரோகைரா வழுவழுப்பு. ஆனால் தொடுவுணர்வை மட்டும் நம்ப முடியாது, சைக்னிமா என்ற வேறொரு பச்சை இழைப்பாசியும் வழுக்கும். கிளாடோஃபோராவின் செல்லில் பல உட்கருக்கள் இருப்பதால் குறுக்குச்சுவர் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். சுவர்கள் தெளிவாக உண்டு. அதன் பல சிற்றினங்களில் ஒருமடிய இழையும் இருமடிய இழையும் பார்வைக்கு ஒன்றே; குன்றல் பிரிவு சைகோட்டில் அல்ல, இயங்குஸ்போர்கள் உருவாகும்போது நடக்கிறது. ஸ்பைரோகைராவின் சுழற்சிப் படத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் பாதி சுழற்சி காணாமல் போகும்.

சிற்றினப் பெயரை எழுத அவசரம் வேண்டாம். ஸ்பைரோகைராவுக்கு முதிர்ந்த சைகோஸ்போரின் சுவர் அமைப்பும், ஊடோகோனியத்துக்கு முதிர்ந்த ஊகோனியமும் கையில் இல்லாமல், வெறும் வளரிழையை வைத்துப் பேரினத்தைத் தாண்டிச் சிற்றினம் வரை போக முடியாது.